பூவைப் பார்க்கும் பொழுது

புகைப்பட உலகில் பூவுக்குக் கடைசி வரிசைதான். போர், பஞ்சம், ஊர்வலம், காட்டுயிர் என்று எண்ணிக்கொண்டே வந்து, இடம் மீதியிருந்தால் பூவையும் சேர்த்துக்கொள்வார்கள். புதிதாகக் கேமரா வாங்கியவர் முதல் வாரத்தில் எடுப்பது, ஓய்வுபெற்றவர் மொட்டைமாடித் தொட்டியில் எடுப்பது, 'காலை வணக்கம்' என்ற எழுத்தைச் சுமந்துகொண்டு குடும்ப வாட்ஸப் குழுவில் வந்து விழுவது: பூப்படம் என்றால் நமக்கு இவைதான் நினைவுக்கு வருகின்றன. எடுத்தவர் பெண் என்றால் ஒதுக்கித் தள்ளுவது இன்னும் எளிது. பெண்களுக்குப் பூ பிடிக்கும், எடுக்கிறார்கள், இதில் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது, ஒரு கைப்பேசியில் இருந்த 64 படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த பிறகு. எடுத்தவர் என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவர். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தில் மின்னணுப் பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. 2024 மாசியில் தொடங்கி வைகாசி முடியும்வரை எடுத்த படங்கள் இவை. அவ்வப்போது வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைப்பார். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நான் கேட்டதும் மொத்தமாக அனுப்பினார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த வழித்தடத்துப் பெண்களை வெளியுலகம் இரண்டு வகைப் படங்களில்தான் பார்த்திருக்கிறது. முதலாவது, லைனில் வேலை செய்யும் படம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்படும்வரை செய்தித்தாள்கள் மீண்டும் மீண்டும் அச்சிட்டது அதைத்தான்: ஒரே நிறச் சீருடை, ஒரே மாதிரித் தொப்பி, குனிந்த தலைகள், முகம் தெரியாத நீண்ட வரிசை. வளர்ச்சி என்ற சொல்லுக்கு அது விளக்கப்படம். இரண்டாவது, சாலையில் உட்கார்ந்த படம். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை தெரியாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அதைக் கண்காணிப்பில் வைத்தது. அந்த இரவின் படங்கள் உலகம் முழுக்கப் போயின.

ஒன்று உழைப்பின் படம், மற்றது எதிர்ப்பின் படம். இரண்டும் தேவையானவையே. ஆனால் இரண்டிலும் இந்தப் பெண்கள் கேமராவுக்கு முன்னால் இருக்கிறார்கள். பார்ப்பவர் வேறு யாரோ. நான் பேசும் 64 படங்களில் ஒன்றில்கூட ஒரு பெண்ணின் முகம் இல்லை. இந்த வழித்தடத்தில் ஒரு பெண் கேமராவுக்குப் பின்னால் நின்று, தான் பார்க்க விரும்பியதைப் பார்த்ததற்கான சாட்சி அவை. அவற்றை விமர்சனத்துக்கு உரிய படைப்புகளாக எடுத்துக்கொள்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

உவமையிலிருந்து வெளியே

தமிழில் பெண்ணும் பூவும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதபடி கட்டப்பட்டிருக்கின்றன. பருவம் அடைவது பூப்பு. பெண்ணை நிச்சயம் செய்வது பூ வைப்பது. வாழ்வது பூவும் பொட்டுமாக. கணவன் இறந்தால் முதலில் பறிபோவது தலையில் உள்ள பூ. உடலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவை அடையாளமாக வைத்து, யார் எப்போது சூடலாம், யார் சூடக் கூடாது என்று ஊர் தீர்மானித்தது. தொழிற்சாலையும் தன் பங்குக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. தூசி புகக்கூடாத உற்பத்திக் கூடத்துக்குள் தலையில் பூ வைத்துக்கொண்டு போக முடியாது. மகரந்தமும் அங்கே தூசிதான்.

இந்தக் கட்டுக்குள் இருந்துகொண்டு ஒரு பெண் பூவைச் சூடாமல், பறிக்காமல், சாமிக்கும் வைக்காமல், நின்று பார்த்துப் படம் எடுக்கிறாள் என்றால் அவள் உவமையிலிருந்து ஓர் அடி வெளியே வந்து நிற்கிறாள். பூ அங்கே இருக்கிறது, அவள் இங்கே இருக்கிறாள். நடுவில் ஒரு கைநீள இடைவெளி.

நம் இலக்கியத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எழுதியவர் கபிலர் என்றாலும் பாட்டில் அந்தப் பெயர்களைச் சொல்வது தோழி. தினைப்புனம் காக்கப்போன பெண்கள் பறித்துவந்து பாறையில் குவித்த பூக்களைப் பற்றிச் செவிலித்தாயிடம் சொல்கிறாள். காட்டில் எந்தப் பூ எங்கே என்று தெரிந்தவள் பெண் என்பதைப் பாட்டு இயல்பாக எடுத்துக்கொள்கிறது. வகுப்பில் அந்தப் பட்டியலை மனப்பாடப் பகுதியாகவே கடந்துபோகிறோம். பூக்களின் பெயர் தெரிந்திருப்பதும் ஓர் அறிவு, அந்த அறிவு பெண்ணின் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்த 64 படங்களில் ஒவ்வொன்றின் கீழும் மூன்று விவரங்கள் உண்டு. பூவின் பெயர், இடம், மணி. 'வேம்பு. வல்லம் ஸ்டாப். 5.10.' இவ்வளவுதான். கவிதை வரி இல்லை, இதயக் குறி இல்லை. தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இந்த மூன்றும் புதிதாக இருக்காது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; பூ கருப்பொருள். மீதமுள்ள உரிப்பொருளைப் படத்துக்குள் நாம்தான் தேட வேண்டும்.

ஐந்து படங்கள்

முதல் படம் அந்த வேம்பு. காலை 5.10 என்பது முதல் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்சுக்காக நிற்கும் நேரம். பூப்படம் எடுக்கச் சொல்லித் தருபவர்கள் இளவெயிலுக்குக் காத்திருக்கச் சொல்வார்கள். காற்று நிற்கும்வரை பொறுக்கச் சொல்வார்கள். அந்த விதிகள் எல்லாவற்றுக்கும் அடியில் சொல்லப்படாத ஒரு விதி இருக்கிறது: உன்னிடம் நேரம் இருக்க வேண்டும். இவருக்கு இளவெயில் அடிக்கும்போது லைனில் வேலை தொடங்கியிருக்கும். எனவே வேப்பம்பூ தெருவிளக்கின் வெளிச்சத்தில் நீலம் பாய்ந்து கிடக்கிறது. படம் முழுக்கப் பொரிப்பொரியாகப் புள்ளிகள். ஒரு கொத்து மட்டும் தெளிவு, மீதி அசைந்துவிட்டது. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். ஆனால் பங்குனி விடியலின் அந்தக் கலங்கலான வெளிச்சத்தில், தூக்கம் கலையாத கண்ணுக்கு வேம்பு இப்படித்தான் தெரியும். அவசரத்தில் எடுத்ததைப் பற்றிக் கேட்டேன். "பூ எங்கயும் போவாது மேம். பஸ்சுதான் போயிடும்" என்றார்.

இரண்டாவது, புங்கம்பூ. மரத்தில் இல்லை, தரையில். உதிர்ந்த புங்கம்பூவைப் பொரிக்கு ஒப்பிடுவது பழைய புலவர்களின் வழக்கம். இந்தப் படத்திலும் பொரி இறைத்தாற்போல் பூ பரவிக் கிடக்கிறது. அதன் மேல் செருப்புத் தடங்கள், எல்லாம் ஒரே திசையில். எடுத்தவர் தடம் அதில் இல்லை. ஓரமாக நின்று எடுத்திருக்கிறார். லைனில் குனிந்த தலைகளை எண்ணிப் பழகிய நமக்கு, அதே வரிசையை அந்த வரிசையில் நிற்கும் ஒருவரே பார்த்தால் எப்படித் தெரியும் என்று இந்தப் படம் சொல்கிறது.

மூன்றாவது, அரளி. ஓடும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து எடுத்தது. சாலை நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கோடு இழுத்ததுபோல் இருக்கிறது. ஓரத்தில் ஜன்னல் கம்பி. நெடுஞ்சாலைகளின் நடுவில் அரளியை நடுவதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. தண்ணீர் குறைவாகக் கேட்கும். நஞ்சுள்ளது என்பதால் ஆடு மாடு கடிக்காது. எதிர்வரும் வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்காமல் மறைக்கும். வேலைக்கு அமர்த்தப்பட்ட பூ என்று இதைச் சொல்லலாம். ஆண்டு முழுக்கப் பூக்க வேண்டும், பராமரிப்பு கேட்கக் கூடாது, வரிசை கலையக் கூடாது. படம் இதையெல்லாம் சொல்வதில்லை. ஜன்னல் கம்பியை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறது.

நான்காவது, ஆகாயத்தாமரை. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன படம் இதுதானாம். ஊதா இதழ், நடுவே மயிற்கண்போல் மஞ்சள் பொட்டு, பின்னால் ஆலைக் கூரை. எடுத்தவருக்கே இந்தப் படம் பிடிக்கவில்லை. "ஏரியே தெரியல மேம்" என்றார். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி நீர்ப்பரப்பை மூடிக்கொண்டால் அடியில் வெளிச்சமும் உயிர்க்காற்றும் குறைந்துபோகும். கழிவு கலந்த நீரில் இன்னும் செழிக்கும். ஏரிகளால் ஆன செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சீமையில் ஓர் ஏரி பூத்துக் குலுங்குவது நல்ல செய்தி இல்லை. பூப்படம் யதார்த்தத்தை மறைக்கும் என்று சொல்பவர்கள் இந்தப் படத்தின் முன் கொஞ்சம் நிற்க வேண்டும். மறைப்பது பூதான், படம் அந்த மறைப்பைத்தான் எடுத்திருக்கிறது.

ஐந்தாவது, விடுதி வாசலில் பூத்த செம்பருத்தி. இதழ்களில் மூன்று ஓட்டைகள், பூச்சி தின்றவை. இதைப் புரிந்துகொள்ள அவர் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உருப்பெருக்கி விளக்கின் கீழே வந்துகொண்டே இருக்கும் கைப்பேசிக் கேமரா பாகங்களைப் பார்த்து, தூசியோ கீறலோ இருந்தால் ஒதுக்குவது. ஷிப்ட் முழுக்க அவர் கண் விலைக்குப் போகிறது. அந்தக் கண்ணுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது குறையைக் கண்டதும் தள்ளுவது. அதே கண், வெளியே வந்ததும், பக்கத்திலேயே முழுப் பூ இருந்தும் ஓட்டை விழுந்த பூவைத் தேர்ந்தெடுத்து நிற்கிறது. இதை அவர் யோசித்துச் செய்தாரா என்று நான் கேட்கவில்லை. யோசித்துச் செய்ததோ இல்லையோ, 64 படங்களில் பாதிக்கு மேல் இப்படிக் குறையுள்ள பூக்கள். அதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கேமராவைச் சோதிக்கும் அவர் தன் கேமராவை உள்ளே கொண்டுபோகவும் முடியாது. கைப்பேசி வாசலிலேயே லாக்கருக்குப் போய்விடும். கண்ணும் கேமராவும் அவருக்கே திரும்பக் கிடைப்பது பஸ் வரும்வரை உள்ள சில நிமிடங்களில்தான்.

அழிக்கப்பட்ட படம்

64 என்று சொன்னேன். 65 இருந்திருக்க வேண்டும். ஒரு சித்திரை மாதப் பகலில், ஆலைச் சுற்றுச்சுவரை ஒட்டிய பெருங்கொன்றை மஞ்சளாக உதிர்ந்து சுவரோரம் மெத்தைபோல் கிடந்திருக்கிறது. வெளிச்சாலையில் நின்றுதான் எடுத்தார். காவலாளி ஓடிவந்து அழிக்கச் சொன்னார். அழித்தார். தொழில் ரகசியம் பூவிதழில் இல்லை என்று காவலாளிக்கும் தெரிந்திருக்கும். படத்தில் சுவர் இருந்ததுதான் சிக்கல்.

இதற்கு முன்பே, மகளிர் தினத்தன்று, விடுதி நிர்வாகம் படப்போட்டி ஒன்று நடத்தியது. தலைப்பு 'வசந்தம்'. சுவர், பஸ், சீருடை, ஐடி கார்டு எதுவும் தெரியக் கூடாது என்பது நிபந்தனை. செம்பருத்திப் படத்தின் மூலையில் கழுத்து டேக்கின் நுனி தொங்குகிறது. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பரிசு, தண்ணீர் தெளித்து எடுத்த ஒரு தொட்டி ரோஜாவுக்கு.

இங்கேதான் பூப்படத்தின் அரசியல் இருக்கிறது. பூவும் அது நிற்கும் இடமும் பிரிக்கப்பட்டால் அந்தப் படம் யாருக்கும் தொந்தரவு தராது. நிறுவனத்தின் நாட்காட்டியில் போடலாம், வாழ்த்து அட்டையில் போடலாம். இன்றைய கைப்பேசிகள் அந்தப் பிரிப்பைத் தாங்களே செய்து தருகின்றன. பின்புலத்தை மங்கலாக்கும் வசதியை அழுத்தினால் சுவரும் பஸ்சும் புகைபோலக் கரைந்துவிடும். இவர் கைப்பேசியிலும் அந்த வசதி உண்டு. அவர் அதைத் தொடவே இல்லை. நிலம் இல்லாமல் பூ இல்லை என்பது திணை மரபின் அடிப்படைப் பாடம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பூவால் அழைத்த மொழியில் படித்த ஒருவர் பின்புலத்தை அழிக்க மறுப்பதில் எனக்கு வியப்பில்லை.

முற்போக்கு நண்பர்கள் சிலர் கேட்கலாம்: கூலி, ஒப்பந்தமுறை, விடுதிச் சோறு என்று எடுக்க எவ்வளவோ இருக்கும்போது பூவை எடுப்பது ஆறுதல்தானே? அந்தப் படங்களும் வேண்டும். ஆனால் உழைக்கும் பெண் தன் துயரத்தை மட்டுமே நமக்குக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு வகை மேற்பார்வைதான். தன் பார்வையை எதில் செலவிட வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

வரலாற்றிலும் பெண்கள் பூவை எடுத்தது பல நேரம் வேறெங்கும் போக முடியாத சூழலில்தான். அமெரிக்காவின் இமோஜென் கன்னிங்ஹாம் 1920களில், மூன்று சிறு மகன்களை வளர்த்துக்கொண்டு வீட்டோடு இருந்த காலத்தில், தோட்டத்துச் செடிகளை எடுக்கத் தொடங்கினார். 1925 வாக்கில் எடுத்த மக்னோலியாப் பூ இன்று புகைப்பட வரலாற்றின் பாடம். அது வெறும் அடங்கிப்போதல் என்று யாரும் இன்று சொல்வதில்லை.

யாருடைய இளவேனில்

இனி உரிப்பொருள். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் 'இளவேனிற் பத்து' என்று ஒரு பகுதி உண்டு. பாதிரி அலர்கிறது, மா தளிர்க்கிறது, வேம்பு பூக்கிறது. சொன்ன காலம் வந்துவிட்டது, போனவன் வரவில்லை. பத்துப் பாடல்களின் சாரமும் இதுதான். அங்கே பூ ஒரு கடிகாரம். பெண் அதைப் பார்ப்பது இன்னொருவருடைய வருகையைக் கணக்கிட. வசந்தத்தைக் கண்ட பெண் காத்திருக்கும் பெண்ணாகத்தான் இருக்க முடியும் என்று அந்த மரபு நினைத்தது.

வழித்தடத்துப் பெண்ணுக்கும் காத்திருப்பு உண்டு. ஒப்பந்தம் நீளுமா என்று அவர் காத்திருக்கிறார். கல்யாணம் எப்போது என்று வீடு காத்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடிக்கும் காத்திருப்புகள். மணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை குறித்து 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றிய அரசு 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. பாதுகாப்பான இடம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தனை ஆயிரம் படுக்கைகளைத் திட்டமிடும்போது கணக்கில் இருந்த பெண் யார் என்றும் கேட்க வேண்டும். இளமையும் தனிமையும் உள்ள சில ஆண்டுகள் மட்டும் தேவைப்படும் பெண். பூக்கும் காலத்துக்கு மட்டும் வேண்டப்படும் செடி.

இந்தத் தொகுப்பின் கடைசிப் படம் சரக்கொன்றை. 'கொன்றை. ஒரகடம் கூட்ரோடு. 2.50.' ஷிப்ட் முடிந்து திரும்பும் நேரம். மஞ்சள் சரம் முழு வெயிலில் தொங்குகிறது. கொஞ்சமும் அசையவில்லை, 64 படங்களில் இவ்வளவு நிதானமாக எடுத்தது வேறொன்றில்லை. அன்று பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்சுக்கு நின்றாராம். முதலில் படித்த வேப்பம்பூப் படத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் கலைத்திறனில் வந்த முன்னேற்றம் மட்டுமில்லை. இங்கே யாருக்காகவும் காத்திருக்காமல் ஒரு பெண் தனக்காக ஒரு பொழுதை எடுத்துக்கொண்டிருக்கிறாள். தமிழில் இதைப் 'பொழுதுபோக்கு' என்று சொல்கிறோம். பொழுதைப் போக்குவதற்கு முதலில் பொழுது கையில் இருக்க வேண்டும். இவருடையது பொழுதைப் பிடிக்கிற வேலை.

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புகைப்படங்களைக் கொண்டு உருவான உலகின் முதல் நூலை 1843இல் தொடங்கியவர் ஆனா அட்கின்ஸ் என்ற ஆங்கிலப் பெண். கேமரா இல்லாமல், வேதிப்பொருள் பூசிய தாளில் கடற்பாசிகளை வைத்து வெயிலில் நீலப் படிகளாக எடுத்தார். பிறகு தோழி ஆன் டிக்சனோடு சேர்ந்து பூக்களையும் பெரணிகளையும் அப்படியே எடுத்தார். பாசி நூலில் அவர் போட்டது 'ஏ.ஏ.' என்ற இரண்டெழுத்து மட்டும். பின்னாளில் அதைப் பார்த்த ஆண் ஒருவர், பெயரில்லாத ஓர் அமெச்சூரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்று நினைத்துக்கொண்டார். ஒரு பெண்ணின் பெயர் இருக்கும் இடத்தில் அவருக்கு வெற்றிடம்தான் தெரிந்திருக்கிறது.

என் மாணவியின் பெயரை நான் போடாததற்குக் காரணம் வேறு. சுவரோரம் உதிர்ந்த கொன்றையை அழிக்கச் சொல்லும் இடத்தில், பெயர் தெரிந்தால் அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகாது. அமெச்சூர் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் விரும்புபவர் என்று பொருள். விரும்பியதைப் பார்த்தேன் என்று சொல்லக்கூட ஒரு பெண் மறைந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவிகள் சிலருடைய கைப்பேசியிலும் இப்படிப் படங்கள் இருக்கும். இடம் போதவில்லை என்று முதலில் அழிப்பது அவற்றைத்தான். அழிக்காதீர்கள். பூவின் பெயர் தெரியாவிட்டால் அம்மாவிடமோ ஆயாவிடமோ கேட்டு எழுதிவையுங்கள். இடத்தையும் மணியையும் சேர்த்து எழுதுங்கள். சுவர் தெரிந்தால் தெரியட்டும், வெட்டாதீர்கள். இந்த நிலத்தில் இந்த இளவேனிலில் என்ன பூத்தது, அதைப் பார்க்க யாருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்ற வரலாற்றை வேறு யாரும் எழுதிவைக்கப் போவதில்லை. என் மாணவியின் படங்களின் கீழே இப்போது மூன்று விவரங்கள் இருக்கின்றன. நான்காவதாக எடுத்தவர் பெயரையும் அச்சமில்லாமல் எழுத முடிகிற நாளுக்காக அந்த 64 படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.